நபர் நான்குக்குக் கருகியதுதான் பிடிக்கும்

மே 6, திங்கள்

ஆய்வேடு சீசன் தொடங்கிவிட்டது. கல்லூரி வாசலில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு தனிப் பருவம். இன்று ஜெராக்ஸ் மெஷின் மூன்று தடவை பேப்பரை மென்று துப்பியது. கடையில் என்னைவிட அதுதான் அதிகம் சத்தம் போடுகிறது. நான் ஒரு நாள் முழுக்கப் பேசுவது மூன்றே வாக்கியம். "எத்தனை காப்பி?" "ரெண்டு பக்கமுமா?" "ஸ்பைரலா, கெட்டி அட்டையா?" மீதியை முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் அப்பா பேசிக்கொள்கிறார்.

சாயங்காலம் அண்ணன் வீட்டில் ஓர் அறிவிப்பு செய்தான். பொருளியல் எம்.ஏ. கடைசி வருஷம் படிக்கிறான். 'மனிதர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்' என்பது அவனுடைய ஆய்வு. அதற்கு மனிதர்கள் வேண்டுமாம். வெளியாட்கள் ஒத்துழைப்பதில்லையாம். அதனால் நாங்கள்.

அப்பா நபர் ஒன்று. அம்மா நபர் இரண்டு. தன்னையே நபர் மூன்றாகப் போட்டுக்கொண்டான். அவனை அவனே கவனித்துக்கொள்வானாம். அது அவனுக்கு ஒன்றும் புதிதில்லை. நான் நபர் நான்கு.

"யாரையும் கேள்வி கேக்கமாட்டேன். எதை எடுக்கறீங்கன்னு மட்டும் பாப்பேன். வாய் பொய் சொல்லும், கை சொல்லாது. ஒருத்தர் எதை எடுக்கறாரோ அதுதான் அவருக்குப் பிடிச்சது."

அப்பா கைதட்டாத குறை. அம்மா, "முதல்ல உன் ஈரத் துண்டை எடுத்துக் காயப் போடு. கை என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றாள்.

மே 9, வியாழன்

அண்ணன் போனும் கையுமாக வீட்டுக்குள் உலாத்துகிறான். யார் எந்த நாற்காலி, யார் முதலில் குளிக்கிறார்கள், ரொட்டியில் எந்தத் துண்டு, எந்த முட்டை, ஃபேனுக்குக் கீழே யார். எல்லாவற்றுக்கும் ஒரு தட்டு தட்டுகிறான்.

அப்பா மூன்று நாளில் மகானாகிவிட்டார். கூடத்தில் இருப்பது ஒரு ஃபேன். அதற்கு நேர் கீழே இருக்கிற நாற்காலியை எனக்கு நினைவு தெரிந்து அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இன்று, "நீ உக்காருப்பா, எனக்கு எங்க உக்காந்தா என்ன" என்று அண்ணனைக் கூப்பிடுகிறார். அண்ணன் போனில் குறித்துக்கொண்டான். குறித்து முடித்ததும் அப்பா மெதுவாக அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

கவனிப்பது தெரிந்தால் மனிதர்கள் மாறிவிடுவார்கள் என்று அவன் புத்தகத்தில் இல்லையா? இருக்கும். அப்பாவைப் பற்றித்தான் இருக்காது.

மே 14, செவ்வாய்

அம்மா அவனைப் பைத்தியமாக்கிக்கொண்டிருக்கிறாள். வேண்டுமென்றா, இயல்பாகவா, எனக்கே தெரியவில்லை.

"அம்மா, போன வாரம் காப்பியும் டீயும் இருந்தப்ப டீயை எடுத்த. சனிக்கிழமை டீயும் பாலும் இருந்தப்ப பாலை எடுத்த. அப்ப உனக்கு காப்பியைவிட பால் பிடிக்கணும். இன்னிக்கு பாலை விட்டுட்டு காப்பியை எடுக்கற!"

"ஆமா. அதுக்கு?"

"இது முரண்பாடும்மா. இப்படி ஒரு ஆள் இருக்கவே முடியாது."

"இருக்கேனேடா. உன்னைப் பெத்துப் போட்டுட்டு இருக்கேனே."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அம்மா காப்பியைக் குடித்துவிட்டு, மிச்சமிருந்த பாலையும் எடுத்துக் குடித்தாள்.

மே 15, புதன்

டோனர் தீர்ந்தது. புதுசு மாற்றியதில் நகம் பத்தும் கறுப்பு.

மே 19, ஞாயிறு

இரவுச் சாப்பாட்டின்போது அண்ணன் ஒரு அத்தியாயத்தை வாசித்தான். அதை அவன் வாசித்த அழகைப் பார்க்க வேண்டுமே, கல்யாண மண்டபத்தில் வாழ்த்து மடல் படிப்பதுபோல.

நபர் ஒன்று பிறர் நலனில் அக்கறை உள்ளவர். (அப்பா தலையைக் குனிந்துகொண்டார், அடக்கமாம்.) நபர் இரண்டின் தேர்வுகள் குழப்பமானவை, எந்த மாதிரியிலும் அடங்காதவை. (அம்மா, "நல்லது.") நபர் மூன்று தெளிவான நோக்கமுடையவர். பிறகு நான்.

"நபர் நான்கு இந்த ஆய்வின் மிகச் சிறந்த தரவு. அவருடைய விருப்பங்களில் முரண்பாடே இல்லை. ரொட்டியில் கருகிய துண்டையும், முட்டையில் உடைந்ததையும், குளிப்பதில் கடைசி முறையையும், ஃபேன் காற்று எட்டாத இடத்தையும் அவர் தொடர்ந்து தேர்ந்தெடுக்கிறார். இவற்றில் அவருக்குக் கிடைக்கும் பயன்பாடு மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிட அதிகம் என்பது தெளிவு."

பயன்பாடு என்றால் திருப்தியாம். எனக்குக் கருகிய ரொட்டியில் திருப்தி.

"பாரு, வீட்லயே நீதான் பகுத்தறிவுள்ள ஆளு. எங்க சாரே அசந்துட்டாரு" என்றான் அண்ணன். நிஜமாகவே பாராட்டுகிறான். அதுதான் கொடுமை. கிண்டலாக இருந்தால் பதிலுக்கு முறைத்திருப்பேன்.

நான் வாயைத் திறந்தேன். இந்த வீட்டில் அதுவே ஒரு செய்தி. "இல்லண்ணா... கருகினதை யாராவது சாப்பிடணும்ல..."

"யாராவதுன்னு மாடல்ல ஒரு ஆள் கிடையாதும்மா" என்றான். அப்பா சிரித்தார். அவன் அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

அடுத்த பக்கத்தில்: "சிறு தேர்வுகளில் காணப்படும் இந்த ஒழுங்கு பெரிய தேர்வுகளிலும் தொடர்கிறது. பள்ளியா, குடும்பத் தொழிலா என்ற நிலையில் நபர் நான்கு தொழிலைத் தேர்ந்தெடுத்தார்."

தேர்ந்தெடுத்தேனாம்.

மே 20, திங்கள்

தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் கோபம் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

நடந்தது என்ன? இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். நான் ஒன்பதாவது முடித்திருந்தேன். அப்பா சொன்னார்: "ரெண்டே மாசம் பாப்பா. ஆள் கிடைக்கிற வரைக்கும். நீ வரலைன்னா கடை நின்னுடும்." அண்ணனுக்கு நுழைவுத் தேர்வு. அம்மாவுக்குத் தையல் வேலை. நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் எப்போதுமே ஒன்றும் சொல்வதில்லை. அதைச் 'சரி' என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆள் தேடினார்களா? தேவைப்படவில்லை. ஆள் கிடைத்தாகிவிட்டதே, நான்தான்.

எனக்கு எதிரில் ரெண்டு தட்டு வெச்சு, இது வேணுமா அது வேணுமான்னு எவனாவது கேட்டானா? ஒத்தைத் தட்டை நீட்டிட்டு, எடுத்ததும் 'ஆகா, இதுதான் இவளுக்குப் பிடிச்சது'ன்னு எழுதுவானா? இதுக்கு ஒரு பட்டம் வேற குடுப்பாங்களா?

மே 24, வெள்ளி

என்னுடைய பழைய வகுப்பு டீச்சர் வினாத்தாள் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நீயாம்மா? ரெண்டு மாச லீவுன்னுதானே போன?"

"எத்தனை காப்பி டீச்சர்?" என்றேன். வேறு என்ன சொல்வது?

நாற்பது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவரே சொன்னார். இடையில் நின்றவர்களை நேராகப் பத்தாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்களாம். காலை எட்டிலிருந்து ஒரு மணிவரை. ஜூன் பத்தோடு சேர்க்கை முடிகிறது. அடுத்த வருஷம் என் வயதுக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"வர விருப்பம் இருக்கா?"

தலையை ஆட்டினேன். அவர் பார்த்தாரா என்று தெரியாது, குனிந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எனவே சத்தமாக, "இருக்கு டீச்சர்" என்றேன். பக்கத்தில் நின்ற மாணவர் திரும்பிப் பார்த்தார். காது சுட்டது.

மே 26, ஞாயிறு

சொல்லிவிட்டேன். நான்கு தடவை மனதுக்குள் ஒத்திகை பார்த்து, ஐந்தாவது தடவை தப்பாகச் சொன்னேன். பள்ளிக்கூடம் என்பதற்குப் பதில் 'எட்டு மணி' என்று ஆரம்பித்துவிட்டேன். யாருக்கும் புரியவில்லை. அம்மாதான் இழுத்து இழுத்து முழுசையும் வெளியே எடுத்தாள்.

அப்பா: "பாக்கலாம்." அவர் அகராதியில் அதற்கு 'இல்லை' என்று பொருள். பிறகு விளக்கம்: "காலையிலதான் கூட்டமே. நீ இல்லைன்னா கடை நின்னுடும் பாப்பா."

அண்ணன் கணக்குப் போட்டான். நிஜமாகவே காகிதத்தில் ஒரு கோடு வரைந்து, இந்தப் பக்கம் பள்ளி, அந்தப் பக்கம் கடை. "இதுல உணர்ச்சிவசப்பட ஒண்ணுமில்ல. உன் பழைய தேர்வுகளை வெச்சுப் பாத்தா உனக்கே போக விருப்பம் கிடையாது. டேட்டா சொல்லுது."

"நான்தான் போகணும்னு சொல்றேனே."

"வாய்தானே சொல்லுது."

அம்மா கரண்டியை டணாரென்று வைத்தாள். 

மே 30, வியாழன்

அண்ணனுடைய பேராசிரியர் கடைக்கு வந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'வச்சுக்குவோம்'. எந்த வாக்கியமும் அப்படி வைத்துக்கொள்ளாமல் முடியாது. "ஒரு தீவு இருக்குன்னு வச்சுக்குவோம். அதுல ரெண்டே பேர் இருக்காங்கன்னு வச்சுக்குவோம்." அப்பாவிடம், "உங்களுக்கு எந்தக் கவலையும் இல்லைன்னு வச்சுக்குவோம்" என்றார். அப்பா சிரித்தபடி பின்னால் திரும்பி, "மெஷின் என்னாச்சு பாப்பா?" என்றார்.

சனிக்கிழமை கல்லூரியில் ஒரு செயல்விளக்கமாம். நபர் நான்கை நேரில் காட்டப் போகிறார்கள். நான் வர விரும்புகிறேனா என்று யாரும் கேட்கவில்லை. வருவேன் என்று டேட்டா சொல்லியிருக்கும்.

ஜூன் 1, சனி

வீட்டுக்கு வந்த கையோடு எழுதுகிறேன்.

ஒரு வகுப்பறை. முப்பது பேர் இருப்பார்கள். முன்னால் ஒரு மேசை, இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் நான். நடுவில் பத்துப் பேனா, நல்ல பேனா, மூடியில் வெள்ளி வளையம் போட்டது.

வச்சுக்குவோம் சார் விளையாட்டைச் சொன்னார். அண்ணன் பத்துப் பேனாவையும் இருவருக்கும் பங்கு பிரிக்க வேண்டும், இஷ்டம்போல. நான் சரி என்றால் அவரவர் பங்கு அவரவருக்கு. நான் வேண்டாம் என்றால் பத்தும் பெட்டிக்குள் போய்விடும், இருவருக்கும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததைவிட ஒரு பேனா மேல் என்பதால் ஒன்று கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்கிறது பழைய கோட்பாடு. நிஜத்தில் பலர் கோபித்துக்கொண்டு வேண்டாம் என்கிறார்களாம். "ஆனா ஒருத்தரோட பழைய தேர்வுகள் தெரிஞ்சா அவர் என்ன செய்வார்னு முன்கூட்டியே சொல்லலாம்கறார் நம்ம நண்பர்." நண்பர், அதாவது அண்ணன், எழுந்து நின்று, பலகையில் 'நபர் 4: ஏற்பார்' என்று எழுதிக் கீழே ஒரு கோடும் போட்டான்.

பிறகு உட்கார்ந்து ஒன்பது பேனாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஒன்றை என் பக்கம் தள்ளினான். தள்ளும்போது என்னைப் பார்க்கக்கூட இல்லை. மாணவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். யாரோ பின்வரிசையில் "ஓ!" என்றார்கள். அண்ணன் மேசைக்குக் குறுக்கே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "சும்மா வாங்கிக்கோடி. வெளிய வந்து அஞ்சு தரேன்" என்றான்.

"வேண்டாம்."

"ஏம்மா?" என்று கேட்டார் சார், பூச்சியைப் பார்ப்பதுபோல ஆசையாக. எனக்குச் சொல்ல வரவில்லை. முப்பது முகம். தரையில் ஒரு ஓடு உடைந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யோசித்தாலும் வரவில்லை. எனக்குப் பேனா பிடிக்கும். அந்தப் பேனா மிகவும் பிடித்திருந்தது.

ஜூன் 2, ஞாயிறு

வீட்டில் விசாரணை.

"என் மானத்தை வாங்கிட்டா!"

"ஒரு பேனாவை வாங்கிக்கிட்டா என்ன பாப்பா குறைஞ்சிடும்? அண்ணன்தானே?" இது அப்பா.

அம்மா தையல் மெஷினுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

கோட்பாடு உடைந்துபோய்விட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. எனக்கு எவ்வளவு பெரிய மனசு! மாலையில் போனில் பேசிவிட்டு அண்ணன் பளிச்சென்று வந்தான். சார் வழி சொல்லிவிட்டாராம். நபர் நான்கு ஒரு விலகல். விலகலை நீக்கிவிட்டால் மற்ற மூன்று பேருக்கும் எல்லாம் அழகாகப் பொருந்துகிறதாம், எதிலும் அடங்காத அம்மாவுக்கும்கூட.

"மிகச் சிறந்த தரவு"ங்கிற பட்டம் பதினாலு நாள்தான் இருந்தது.

ஆக அவன் ஆய்வில் நான் இல்லை. பலகையைத் துடைக்கிற மாதிரி துடைத்துவிட்டான். அழ வேண்டுமா என்று பார்த்தேன். அழுகை வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

ஜூன் 4, செவ்வாய்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். இந்த முறை ஒத்திகை இல்லை. கடையை மூடும்போது, ஷட்டரை அவர் பாதி இறக்கியிருந்த நேரம்.

"அப்பா, காலையில பள்ளிக்கூடம் போறேன். மத்தியானத்துக்கு மேல மெஷின்கிட்ட நிக்கறேன். அது முடியாதுன்னா நாளையிலேர்ந்து கடைக்கே வரல."

ஷட்டர் அப்படியே பாதியில் நின்றது.

"மிரட்டறியா?"

"இல்லப்பா. பங்கு பிரிக்கறேன்."

"யாரு சொல்லிக் குடுத்தா இதெல்லாம்?"

அண்ணன் என்றேன். உண்மைதானே.

"சரி, வராத. ரெண்டு நாள்ல கடை நின்னுடும். அப்பறம் எல்லாரும் சேர்ந்து காத்தைக் குடிப்போம்" என்று ஷட்டரை மீதியும் இறக்கினார்.

ஜூன் 5, புதன்

போகவில்லை. வீட்டிலேயே இருந்தேன். அம்மாவுக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தேன். கடை இப்போது எந்த நிலையில் இருக்கும்? கூட்டம், கூச்சல், பேப்பர் சிக்கி, அப்பா வியர்த்து... பாவமாக இருந்தது. கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது. அண்ணனை மெஷினுக்கு இழுத்துப் போயிருக்கிறார். அவனா? வீட்டில் ஒரு டம்ளர் கழுவத் தெரியாதவனா?

ஜூன் 7, வெள்ளி

அடக்க முடியாமல் போய் எதிர்ச் சாரியில் நின்று எட்டிப் பார்த்தேன்.

கடை நிற்கவில்லை.

நிற்காதது மட்டுமில்லை. அண்ணன் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டு, ஒரு கையால் தாளை ஊட்டிக்கொண்டே அரட்டை அடிக்கிறான். வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். நான் மூன்று வாக்கியத்தில் முடிப்பதை அவன் முப்பதில் முடிக்கிறான். அவர்களுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. மேசையில் மூன்று மாதிரி அட்டை வைத்திருக்கிறான், சாதா, தங்க எழுத்து, தோல் மாதிரி பளபளப்பது. எல்லோரும் நடுவில் இருப்பதை எடுக்கிறார்கள். எடுப்பார்கள் என்று அவன் படித்திருக்கிறான். அப்பா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அவன் படிப்பு வேலை செய்கிறது! வெளியாட்களிடம் நன்றாகவே வேலை செய்கிறது. அவர்கள் விரும்பியதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள்.

எனக்கு ரொம்ப ஏமாற்றம். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ரெண்டு வருஷம். நான் இல்லைன்னா நின்னுடும், நின்னுடும்னு சொல்லி, நானும் நம்பி, காய்ச்சல்லகூடப் போய் நின்னேனே. ஒருத்தர்கூட 'அந்தப் பொண்ணு எங்க'ன்னு கேக்கலையா?

பேரம் பேச என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போச்சு.

ஜூன் 8, சனி

அழுதேன். அவ்வளவுதான்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று சாப்பிடும்போது நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

அப்பா அண்ணனின் முதுகைத் தட்டி, "என் பையன் கடையைத் தூக்கி நிறுத்திட்டான்!" என்றார். என்னைப் பார்த்து, "பாத்தியா, நீ இல்லாமயே ஓடுது" என்றார். 

அம்மா கேட்டாள், "ஓடுதுல்ல?"

"ஜோரா ஓடுது."

"அவ இல்லாமயே?"

"ஆமாங்கறேன்!"

"அப்ப நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துக்கு வந்து கையெழுத்துப் போடுங்க. இவ்ளோ நாள் அதானே தடை? கடை நின்னுடும்னு?"

அப்பா வாயில் வைத்த கவளத்தோடு அப்படியே இருந்தார். மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

அண்ணன்தான் பதறினான். "ஒரு நிமிஷம். காலையில மெஷினுக்கு யாரு?"

"நீதான்."

"நானா? அம்மா, நான் ஆய்வேடு குடுக்கணும், வேலைக்கு மனு போடணும். எனக்கு இதெல்லாம் விருப்பமே இல்ல. ஏதோ அவசரத்துக்கு, வேற ஆள் இல்லைன்னுதான் போனேன்!"

அம்மா அவன் தட்டில் நிதானமாக இன்னொரு ரொட்டியை வைத்தாள்.

"வாய் அப்படித்தான்பா சொல்லும். உன் கை மெஷின்கிட்டதானே போச்சு? அதுவும் அஞ்சு நாளா, முரண்பாடே இல்லாம."

நான் சிரிக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். தண்ணீர் புரையேறியது, அவ்வளவுதான்.

ஜூன் 10, திங்கள்

அப்பா கையெழுத்துப் போட்டார். பேனா இல்லை என்று சொல்லிப் பார்த்தார். டீச்சர் கொடுத்தார்.

ஜூன் 17, திங்கள்

முதல் நாள். எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள். "அக்கா, நீங்க டீச்சரா?" என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்று சொல்லி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கணக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. மத்தியானம் கடையில் மெஷினும் பேப்பரை மென்றது.

ஜூலை 20, சனி

ஆய்வேடு ஏற்கப்பட்டுவிட்டது. மூன்று நபர்கள். பைண்டிங் நான்தான் செய்தேன், நடு மாதிரி அட்டை, தங்க எழுத்து. நன்றியுரையில் குடும்பத்துக்கு ஒரு வரி. காலையில் மெஷினுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று கடைக் கண்ணாடியில் அண்ணன் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறான். இரண்டே நாளில் மூன்று பேர் வந்து கேட்டார்கள்.

மூன்று பேர்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவே பிடிக்கவில்லை. மழை, வீட்டுப்பாடம் முடிக்கவில்லை, முதல் வகுப்பே கணக்கு. வயிற்று வலி என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா வயிற்றில் எந்தப் பக்கம் என்று கேட்டாள். இரண்டு தடவை இரண்டு பக்கம் சொல்லி மாட்டிக்கொண்டேன். போர்வையை இழுத்து எறிந்துவிட்டுப் போனாள்.

திட்டிக்கொண்டே போனேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. போய்ச் சேரும்போது மணி அடித்து முடித்திருந்தார்கள். கணக்கு டீச்சர் வெளியே நிற்க வைத்தார். என்னோடு இன்னும் இரண்டு பேர். பேசிக்கொண்டே நின்றதில், பேசுவதை நிறுத்தச் சொல்லி டீச்சர் என்னைத் தனியாகத் தள்ளி நிற்க வைத்தார். ஒரு நாளைக்கு மூன்றே வாக்கியம் பேசுகிற என்னை, பேசியதற்காக!